மூக்கால் உப்பு பார்த்தவர்கள்

மயிலாப்பூரை நான் மூக்கில்லாமல்தான் சுற்றிப் பார்த்தேன். மூக்கு முகத்தில் இருந்தது, மூக்குத்தியும் இருந்தது, வாசனைதான் இல்லை. மழைக்காலத்தில் வந்த ஒரு காய்ச்சல் என்னைப் படுக்கையில் போட்டுப் புரட்டி எடுத்துவிட்டு, போகிறபோது வாசனையையும் கையோடு கொண்டுபோய்விட்டது. எழுந்து உட்கார்ந்து, தலைக்கு ஊற்றிக்கொண்டு, காபி டம்ளரைக் கையில் வாங்கியபோதுதான் தெரிந்தது. சுடுதண்ணீரில் சர்க்கரையைப் போட்டுக் கொடுத்திருக்கிறார் என்று நினைத்து வீட்டுக்காரரைத் திட்டினேன். அவர் டம்ளரை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வேறு யாருக்காவது இது வந்திருந்தால் கொஞ்ச நாள் சப்பென்று சாப்பிட்டுவிட்டுக் காலத்தை ஓட்டியிருப்பார்கள். எனக்கு அது முடியாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகிற சாலையில் நான் ஒரு மெஸ் நடத்துகிறேன். காலையில் நாஷ்டா, மதியம் சாப்பாடு. இரும்பு உருக்குகிற கம்பெனி ஆட்கள், கெமிக்கல் கம்பெனி ஆட்கள், காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிக்கொண்டு போகிற டிரைவர்கள் என்று வருகிறவர்கள் எல்லாரும் கொலைப்பசியோடுதான் வருவார்கள். சமைப்பது நானும் என் நாத்தனாரும். அவள் என் வீட்டுக்காரரின் தங்கை. இதே தெருவில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். விடிவதற்குள் வந்து அரிசியைக் களைந்து வைத்துவிட்டுத்தான் என்னை எழுப்புவாள்.

எங்கள் சமையலில் ஒரு வழக்கம் உண்டு. அடுப்பில் இருப்பதை நாங்கள் வாயில் வைத்துப் பார்க்கமாட்டோம். சாமி படத்துக்கு முன்னால் காட்டி, பின்பக்க மதிலில் காக்கைக்கு ஒரு பிடி வைத்த பிறகுதான் சோறு மனுஷர் வாய்க்குப் போகும். என் அம்மா வீட்டிலும் அப்படித்தான், வாழ வந்த வீட்டிலும் அப்படித்தான். அதனால் உப்பு பார்ப்பது மூக்கால். கொதிக்கிற சாம்பார்மேல் குனிந்து, ஆவியை உள்ளங்கையால் முகத்துப் பக்கம் தள்ளிப் பார்த்தால் போதும். உப்பு பத்தாத சாம்பாரில் பருப்பு வாசனை தனியாக முன்னால் வரும். உப்பு சரியாக விழுந்துவிட்டால் புளி, பெருங்காயம், பருப்பு எல்லாம் கைகோத்துக்கொண்டு வரும். இதைச் சொன்னால் சிரிக்கிறவர்கள் உண்டு. சிரித்துவிட்டுப் போகட்டும். என் சாம்பாரில் உப்பைப் பற்றி அதுவரை யாரும் வாய் திறந்ததில்லை.

அதே காய்ச்சல் நாத்தனாருக்கும் வந்தது. அவளுக்கும் வாசனை போனது. ஆனால் ஒரே வாரத்தில் திரும்பிவிட்டது என்று சொன்னாள். அதைக் கேட்டபோது எனக்குப் போன உயிர் வந்தது. அன்றிலிருந்து ஏற்பாடு இதுதான்: உப்பைக் கையில் அள்ளிப் போடுவது நான், குனிந்து முகர்ந்து பார்த்துப் போதும் என்று சொல்வது அவள்.

பொன்னேரியில் ஒரு டாக்டரிடம் போனேன். நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது, உப்பு புளிப்பு இனிப்பு கசப்பு எல்லாம் தெரியும், போனது மூக்கு மட்டும்தான் என்றார். கிராம்பு, எலுமிச்சை மாதிரி நாலைந்து சாமான்களை வைத்துக்கொண்டு தினமும் முகர்ந்து, பழைய வாசனையை மனசுக்குள் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். மாசக்கணக்கில் ஆகலாம், வராமலும் போகலாம் என்றார். அந்தக் கடைசிப் பேச்சை மட்டும் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மெஸ்ஸில் ஏதோ சரியில்லை என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. யாரும் வாயால் சொல்லவில்லை. மெஸ் நடத்துகிறவளுக்கு அது மேசையிலேயே தெரிந்துவிடும். சில நாள் ஊறுகாய் வாளி சாம்பாருக்கு முன்னாலேயே காலியானது. சில நாள் மோர் பானை பாதிச் சாப்பாட்டிலேயே காலியாகிக் கவிழ்ந்தது. எனக்கோ எதைச் சாப்பிட்டாலும் மண்ணைத் தின்பது போல இருந்ததால், உப்பு கூடியதா குறைந்ததா என்று யோசிக்கவே தோன்றவில்லை. வீட்டுக்காரரைக் கேட்டால் நல்லாருக்கு என்பார். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொல்லிவருகிற ஒரே விமரிசனம் அதுதான். தினமும் ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற கிரேன் ஆபரேட்டர் ஒருவர் மட்டும் கை கழுவிவிட்டு வந்து, கொஞ்ச நேரம் நின்று, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அக்கா, ஒடம்பு இப்போ பரவால்லையா?"

இதைவிட மரியாதையாக ஒரு சமையலைக் குறை சொல்ல முடியாது. அன்றைக்குப் பாத்திரம் கழுவி முடித்ததும் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். அழுது முடித்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தேன். டப்பாவில் இருக்கிற கிராம்புக்கெல்லாம் என் மூக்கு மசியாது. வாசனை தெருவிலேயே நிற்கிற இடத்துக்கு அதைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

அந்த நாட்களில் என் போனில் மயிலாப்பூர் வீடியோக்களாக வந்து விழுந்துகொண்டிருந்தன. வயசுப் பிள்ளைகள் கூட்டமாகப் போய், பழைய வீடுகளைக் காபிக் கடையாக்கியிருப்பதையும், பழைய சாமான் கடைகளையும், காய்கறிச் சந்தையையும் படம்பிடித்துப் போடுகிறார்கள். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு, ஐயோ இந்த வாசனை இருக்கே என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸுக்கு விடுமுறை. அடுத்த ஞாயிறே நாத்தனாரை இழுத்துக்கொண்டு ரயில் ஏறிவிட்டேன்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரல். அங்கே சாலையைக் கடந்து பார்க் டவுனில் பறக்கும் ரயில், திருமயிலையில் இறங்க வேண்டியதுதான். வழியில் பேசின் பிரிட்ஜ் வந்ததும் பெட்டியில் இருக்கிற எல்லாரும் கால்வாய் நாற்றத்துக்குக் கர்ச்சீப்பாலும் முந்தானையாலும் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். நான் மட்டும் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தேன். நாத்தனார் முந்தானையை எடுத்து மூக்கை மூடினாள். அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். நாற்றத்துக்குக்கூடப் பொறாமைப்படுகிற நிலைமை எனக்கு வந்துவிட்டதே என்று இருந்தது.

மயிலாப்பூரில் மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். தகரத் தடுப்புகளுக்கு நடுவே எங்கே தெரு, எங்கே பள்ளம் என்று கண்டுபிடிப்பதே பேஜாராக இருந்தது. ஆனாலும் மாட வீதிக்குள் நுழைந்ததும் எனக்கு அந்த இடம் பிடித்துவிட்டது. நடைபாதையில் சாக்கு விரித்து, பிஞ்சு வாழைப்பூ, பச்சை மொச்சை, கொத்துக்கொத்தாகக் கீரை என்று கண்ணுக்கு எடுத்து வைத்ததுபோல் அடுக்கியிருந்தார்கள். நான் குனிந்து ஒவ்வொன்றாக முகர்ந்தேன். கடைக்காரர்கள், இந்தப் பொம்பளைக்கு என்ன ஆச்சு என்பது போலப் பார்த்தார்கள். நாத்தனார் பக்கத்தில் நின்றுகொண்டு எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். இது மல்லித்தழை அண்ணி, இப்பத்தான் பறிச்ச மாதிரி கீது. இது மரிக்கொழுந்து, தலைய சுத்துது. அவள் சொல்லச் சொல்ல நான் அந்த வாசனையை மனசுக்குள் கூப்பிடுவேன். வரும்போல இருக்கும், வராது.

ஒரு கூடையில் வேர் மாதிரி ஏதோ குவித்து வைத்திருந்தார்கள். எங்கள் பக்கம் அதைப் பார்த்ததில்லை. மாகாளிக்கிழங்கு, மோரில் ஊறுகாய் போடுவது என்றாள் விற்கிற அம்மா. அப்புறம் ஒன்றை ஒடித்து எங்கள் முகத்துக்கு நேராக நீட்டினாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நாத்தனார் ஆழமாக மூச்சை இழுத்து, நல்ல வாசனை, ஏலக்காய் மாதிரி கீது என்றாள். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். முதல்முறை முகர்கிறவர்கள் மூட்டைப்பூச்சி நாற்றம் என்று எட்டடி ஓடுவார்களாம், இப்படிப் புகழ்ந்த ஆளை அவள் இப்போதுதான் பார்க்கிறாளாம். ஆளுக்கு ஒரு ரசனை என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் போனோம். காபிப்பொடி வறுத்து அரைக்கிற கடை வாசலில், வாங்குவதற்கு இல்லாமல், வரிசையில் நின்றோம். நாட்டு மருந்துக் கடையில் வசம்பு, ஓமம், பச்சைக் கற்பூரம் என்று ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தேன். கற்பூரத்துக்கு மட்டும் மூக்கின் அடியில் ஜில்லென்று ஏதோ ஓடியது. வந்துவிட்டது என்று கத்திவிட்டேன். வந்தது குளிர்ச்சிதான், வாசனை இல்லை என்று புரிய அந்தக் கடை வாசலிலேயே கொஞ்ச நேரம் ஆயிற்று. ஆனாலும் அன்றைக்கு நான் சோர்ந்துபோகவில்லை. கதவு திறக்கவில்லை என்றாலும் உள்ளே யாரோ நடமாடுகிற சத்தம் கேட்டதே, அது போதும் என்றிருந்தது.

தின்பதற்கும் குறைவைக்கவில்லை. வாசனை இல்லாதவளுக்கு மயிலாப்பூர்ச் சாப்பாடு எப்படி இருக்கும் என்று கேட்டால் சொல்கிறேன். அடை ஓரத்தில் மொறுமொறு, நடுவில் மெத்து. ரோஸ் மில்க் என்பது ஜில்லென்று ஒரு இனிப்பு, நிறம் மட்டும் ரோஜா. மிளகாய் பஜ்ஜி காதில் சூடு ஏற்றும். வத்தக்குழம்பு புளிக்கும், அவ்வளவுதான். சூடு, குளிர்ச்சி, மொறுமொறு, காரம், உப்பு, புளிப்பு எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அவற்றைச் சேர்த்துக் கட்டுகிற கயிறுதான் அறுந்து போயிருந்தது. உப்பு தெரிகிறது என்பதை அங்கே ஒவ்வொரு வாயிலும் உணர்ந்தேன். ஆனால் அந்த நாக்கை என் அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோகலாம் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. வெளியில் சாப்பிடுவது வேறு, அடுப்பில் இருப்பதில் வாய் வைப்பது வேறு. பழக்கம் மனுஷரை எவ்வளவு மடையராக்கிவிடும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அந்த வீடியோக்களில் வந்த பழைய சாமான் கடைக்குப் போனது மார்கழியில் ஒரு ஞாயிறு. கோயில் குளத்திலிருந்து தள்ளி ஒரு சந்தில், சிவப்புத் தரை போட்ட மாடி வீடு. முன்பக்கம் கடை, முற்றத்தில் காபிக் கடை. விண்டேஜ் என்று போர்டு போட்டிருந்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் எனாமல் தட்டு, அரிக்கேன் விளக்கு, மரப் பலகை, திருகுகிற முறுக்கு அச்சு, தகர டிரங்குப் பெட்டி. நம்ம ஊட்டு பரணைத் தூக்கிக்கினு வந்து கவுத்துட்டாங்க அண்ணி என்று நாத்தனார் காதில் சொன்னாள். தண்ணீர் குடிக்க முடியாதபடி ஓட்டை விழுந்த சொம்புக்குள் காகிதப் பூவைச் செருகி மேசைமேல் வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் என்றால் அது ஈயத்தால் ஓட்டையை அடைக்கப் போயிருக்கும், இல்லாவிட்டால் பேரீச்சம்பழத்துக்குப் போயிருக்கும். பெரிய மூக்குத்தியும் கைத்தறிப் புடவையும் காலில் ஷூவுமாக ஒரு பெண் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல பெண். எதை எடுத்துப் பார்த்தாலும் முகம் சுளிக்கவில்லை.

முற்றத்தில் கூட்டம் அதிகமாக இருந்ததால் நாத்தனார் ரயிலில் செய்வதுபோல ஓடிப்போய் ஒரு காலி நாற்காலிமேல் கர்ச்சீப்பைப் போட்டு எனக்கு இடம் பிடித்தாள். அது உட்காருகிற நாற்காலி இல்லை, விற்கிற நாற்காலி. கடைப்பெண் வந்து, இதை எடுத்துக்கறீங்களாக்கா, பேக் பண்ணட்டுமா என்று கேட்டாள். கர்ச்சீப்பைத் தூக்கிக்கொண்டு இருவரும் ஓரத்துப் பெஞ்சில் போய் ஒடுங்கிக்கொண்டோம்.

அங்கிருந்து பார்த்தால் காபிக் கடையின் சமையல் மேடை தெரிந்தது. தலையில் துணி கட்டிய ஒரு சமையல்காரர் சூப்போ எதுவோ கிளறிக்கொண்டிருந்தார். ஒரு டம்ளரிலிருந்து ஸ்பூனை எடுப்பார், தொட்டு வாயில் வைப்பார், அந்த ஸ்பூனை இன்னொரு டம்ளரில் போட்டுவிடுவார். கொஞ்சம் மிளகு தூவுவார். மறுபடி புது ஸ்பூன், மறுபடி வாய். பாரு, எல்லாத்தையும் எச்சப் பண்றான் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

திருப்பிய பக்கத்தில் ஜன்னலோரம் ஒரு மரப்பெட்டி இருந்தது. பெட்டி நிறையக் குழி, குழிக்கு ஒன்றாகச் சின்னச் சின்னக் கண்ணாடிப் புட்டிகள். பழைய காலத்து அத்தர் புட்டிகள். ரோஸ், மஞ்சள், பச்சை என்று உள்ளே ஏதோ இருந்தது, வெயில் பட்டு மின்னியது. அத்தரைவிடப் பெரிய வாசனை எங்கே கிடைக்கும்? எழுந்து போய் ஒன்றைத் திறந்து மூக்கில் வைத்தேன். ஒன்றும் இல்லை. நாத்தனாரிடம் கொடுத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, ரோஜா அண்ணி, நல்ல ரோஜா என்றாள். அடுத்ததைக் கொடுத்தேன். மல்லி என்றாள். மூன்றாவதுக்கு ஜவ்வாது என்றாள். நான் ரோஜாவை மனசுக்குள் வருத்திக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது கடைப்பெண் பக்கத்தில் வந்து, மெதுவாக, நாங்கள் வெட்கப்படக் கூடாதே என்கிற குரலில் சொன்னாள்.

"அக்கா, அதுல வெறும் கலர் தண்ணி. வெயில்ல அழகா தெரியட்டும்னு நாங்கதான் ஊத்தி வெச்சோம்."

நான் நாத்தனாரைப் பார்த்தேன். அவள் புட்டியின் மூடியைத் திருகி மூடி, அது இருந்த குழியிலேயே பத்திரமாக வைத்தாள். பிறகு போய்ப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். ஏலக்காய் மாதிரி இருந்த மாகாளிக்கிழங்கு அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ரயில் பெட்டியில் மற்றவர்கள் மூக்கைப் பொத்துவதைப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு முந்தானையை எடுப்பாளே, அதுவும் ஞாபகம் வந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவளாகவே சொன்னாள்.

"எனக்கும் வர்ல அண்ணி. ஒரு நாளும் வர்ல."

அப்போ இத்தனை நாளாக உப்பு பார்த்தது எப்படி என்று கேட்டேன்.

"குத்துமதிப்பாத்தான் சொன்னேன். ரெண்டு பேருக்கும் மூக்கு இல்லன்னா நீ மெஸ்ஸ மூடிடுவன்னு பயமா இருந்துச்சு. ஒருத்திக்காவது கீதுன்னு சொன்னா, நீ அடுப்ப பத்த வெப்ப இல்ல?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். நம்பிச் சாப்பிட வந்தவர்களின் தட்டில் குத்துமதிப்பைப் போட்டிருக்கிறோம். இவள் சொன்ன ஒவ்வொரு வாசனைக்கும் நான் மனசைப் பிழிந்திருக்கிறேன். மல்லித்தழை என்றாளே, அது மல்லித்தழையா, வெறும் ஞாபகமா? திட்ட வாயைத் திறந்தேன். அவள் கை மடியில் கிடந்தது. தினமும் இருட்டில் எழுந்து என் மெஸ்ஸுக்கு அரிசி களைகிற கை. மூக்கு போனதற்கு நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அவளுக்கு அதே மூக்கு போயிருக்கிறது, அழுவதற்குக்கூட இடம் இல்லாமல் என்னிடமே மறைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன். எதிரே சமையல்காரர் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தார். புது ஸ்பூன், ஒரு சொட்டு, வாய், அந்தப் பக்க டம்ளர். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாயில் போன ஸ்பூன் ஒருமுறைகூடப் பாத்திரத்துக்குத் திரும்பவில்லை. எச்சில் எங்கேயும் படவில்லை. டாக்டர் நாக்கைப் பற்றிச் சொன்னது அப்போதுதான் காதுக்குள் ஏறியது. ஊரில் எல்லாச் சமையல்காரர்களும் செய்கிற காரியம். நாங்கள் இருவரும் மூக்கில்லாத நாளிலும் மூக்கால்தான் உப்பு பார்ப்போம் என்று அடம்பிடித்து, ஊர்ச் சாப்பாட்டைக் கெடுத்துக்கொண்டிருந்தோம்.

"நாளைக்கி வாயில வெச்சிப் பாக்கப் போறோம். ரெண்டு பேரும்" என்றேன்.

அவள் தலை நிமிர்ந்தாள்.

"காக்காவுக்கு வெக்கறதுக்கு முன்னாடியா?"

அதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்துபோய், கடையில் ஒரு கூடையில் கிடந்த பழைய ஸ்பூன்களைக் கிளறினேன். எந்தக் கப்பலிலோ, எந்த ஓட்டலிலோ கிடந்து வந்தவை. ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. கைப்பிடி நீளமானவையாகப் பார்த்து இரண்டு கை நிறைய எடுத்தேன். கடைப்பெண் இவற்றைக் கயிற்றில் கோத்து மாட்டினால் காற்றில் நன்றாகச் சத்தம் வரும் என்றாள். சாம்பாருக்கு என்று சொன்னேன்.

திரும்புகிற ரயிலில் பேசின் பிரிட்ஜ் வந்தது. பெட்டியே மூக்கைப் பொத்திக்கொண்டது. நாத்தனாரின் கை முந்தானைக்குப் போனது. பாதியில் நின்று, மடிக்கே திரும்பிவிட்டது. அத்தனை பேர் நடுவில் நாங்கள் இருவர் மட்டும் மூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தோம். எதிரில் இருந்த பூக்காரம்மா எங்களை மாறி மாறிப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் சிரித்ததைப் பார்த்து நாத்தனாரும் சிரித்தாள்.

மறுநாள் காலையில் காக்கை விஷயத்தை அவளே தீர்த்துவைத்தாள். சாம்பார் கொதித்ததும் முதலில் ஒரு கரண்டி சாம்பாரைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்து, சாமிக்கும் காக்கைக்கும் என்று தனியாக மூடி வைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் ஸ்பூன். உப்பு குறைந்திருந்தால் அண்டாவில் போடும்போதே கிண்ணத்திலும் ஒரு கிள்ளு போட்டுவிட வேண்டும். மனுஷருக்கு ஒரு ருசி, காக்கைக்கு ஒரு ருசி என்று ஆகிவிடக் கூடாது பாருங்கள். இரண்டு டம்ளர் வைத்தோம். முதல் ஸ்பூனை எடுத்து வாயருகே கொண்டுபோனபோது, திருட்டுத்தனம் செய்வதுபோல வாசலைப் பார்த்துக்கொண்டேன். நாக்கில் வைத்தேன். புளித்தது, காரமாக இருந்தது, உப்பு பத்தவில்லை. அவளுக்கும் பத்தவில்லை. இருவரும் வேறு வேறு ஸ்பூனில், ஒரே விஷயத்தைச் சொன்னோம். கிண்ணத்துக்கும் ஒரு கிள்ளு போட்டேன். காக்கை வந்து, வழக்கம்போலத் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுத் தின்றுவிட்டுப் போனது.

ஊறுகாய் வாளி பழைய வேகத்துக்கு வந்தது. கிரேன் ஆபரேட்டர் உடம்பை விசாரிப்பதை விட்டுவிட்டு இரண்டாம் முறை சாம்பார் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூர் போவதை மட்டும் நாங்கள் நிறுத்தவில்லை. இப்போது இருவரும் கூடைகூடையாக முகர்ந்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, இல்லை என்று தலையாட்டிக்கொண்டு அடுத்த கடைக்கு நகர்ந்தோம். பொய்யாக ரோஜா என்று சொல்வதைவிட இந்த 'இல்லை' எனக்குத் தெம்பாக இருந்தது.

மாசி மாதத்தில் ஒரு காலை. நான் கொதிக்கிற சாம்பார் அண்டாவுக்குப் பக்கத்து அடுப்பில் முருங்கைக்காயை எண்ணெயில் வதக்கிக்கொண்டிருந்தேன். அவள் பின்பக்கம் குழாயடியில் கீரை அலசிக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"அண்ணி, அடிபுடிக்குது."

அண்டாவுக்குப் பக்கத்தில் நிற்கிற எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மேலாகப் பார்த்தால் சாம்பார் அமைதியாகக் கொதித்துக்கொண்டிருந்தது. எனக்குச் சுருக்கென்றது. இந்தப் பொய் வாசனை வேலை இனிமேல் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன் இல்லையா என்று உள்ளிருந்தே கத்தினேன். அவள் ஈரக் கையோடு ஓடிவந்தாள். என்னை நகர்த்திவிட்டு, கரண்டியை அடிவரைக்கும் விட்டு ஒரு இழு இழுத்தாள். பருப்பு கருகிக் கருப்புச் செதிலாக மேலே வந்தது.

இருவரும் அதையே பார்த்தோம். அவள் அண்டாமேல் குனிந்து, உள்ளங்கையால் ஆவியை முகத்துக்குத் தள்ளி இழுத்தாள். நாறுது அண்ணி என்றாள். சொல்லிக்கொண்டே அழுதாள். நானும் குனிந்து இழுத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. டம்ளரிலிருந்து ஒரு ஸ்பூனை எடுத்து நாக்கில் வைத்தேன். கசந்தது. அவள் சொன்னது நிஜம். அவளைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். அன்றைக்குச் சாம்பாரைக் கொட்டிவிட்டு அவசரமாக மோர்க்குழம்பு வைத்தோம். ஏன் என்று கேட்டவர்களிடம் சாம்பார் தீய்ந்துவிட்டது என்று இருவரும் பல்லைக் காட்டிக்கொண்டு சொன்னோம். அவர்களுக்கு எங்கள் சந்தோஷம் புரிந்திருக்காது.

அந்த ஞாயிறு மயிலாப்பூரில் இறங்கியதும் அவள் நேராக அந்தக் கிழங்குக்கார அம்மாவிடம்தான் போனாள். சீசன் முடிகிற நேரம், கடைசிக் கூடை. அந்த அம்மா அடையாளம் கண்டுகொண்டு, ஏலக்காய்க்காரி வந்துட்டியா என்று ஒரு வேரை ஒடித்து நீட்டினாள். நாத்தனார் முகர்ந்தாள். அடுத்த நிமிஷம் முந்தானையால் மூக்கை அழுத்திப் பொத்திக்கொண்டு, நடைபாதையைத் தாண்டி எட்டப் போய் நின்றுகொண்டாள். யாரையும் பார்த்துச் செய்யவில்லை, அவளாகவே செய்தாள். அந்த அம்மா சிரித்துச் சிரித்துக் கூடையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் ஒடிந்த வேரைக் கையில் வாங்கி மூக்குக்குக் கீழே வைத்தேன். அங்கிருந்தே நாத்தனார் கேட்டாள்.

"இன்னா அண்ணி, எதுனா தெரியுதா?"

"இல்ல. இரு, இன்னொரு தபா பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்தேன்.